கண் அறுவைக்குத் தேசியப் பதிவேடு: பயனை எங்கே எழுதுவது?

நமது நாட்டில் ஆண்டுதோறும் செய்யப்படும் கண் அறுவைகளுள் மிகப் பெரும்பாலானவை கண்புரையை அகற்றுவதற்காகச் செய்யப்படுபவையாகும். 2022-23ஆம் ஆண்டில் அரசாங்க மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், தனியார் மருத்துவமனைகள் ஆகிய யாவற்றிலுமாக 83 இலட்சத்துக்கு மேற்பட்ட கண்புரை அறுவைகள் நடைபெற்றதாக மத்திய சுகாதார அமைச்சகத்தின் கணக்கு தெரிவிக்கிறது. இது பெருமைக்குரிய எண் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த 83 இலட்சம் கண்களுள் எத்தனை கண்கள் இன்று நன்கு பார்க்கின்றன, எத்தனை கண்கள் தக்க கண்ணாடி இன்மையால் மங்கலாகவே இருக்கின்றன, எத்தனை கண்கள் பார்வையை அறவே இழந்தன என்று ஒருவர் வினவுவாராயின், நாடு முழுமைக்கும் விடை கூறத்தக்க ஏடு ஒன்றும் இல்லை. அறுவை எண்ணப்படுகிறது, பார்வை எண்ணப்படுவதில்லை.

இக்குறையை நீக்கத் தேசியப் பதிவேடு ஒன்று தேவை என்பதைப் பெரும்பாலோர் எளிதில் ஒப்புக்கொள்வர். அதில் எதை எழுதுவது என்பதிலும் கருத்து வேற்றுமை அதிகம் இராது. அதை எங்கே எழுதுவது, யார் எழுதுவது என்பதே ஆராயத்தக்க வினா. மருத்துவமனையில் மட்டும் எழுதப்படும் ஏடு போதாது. நோயாளி வாழும் தெருவிலும் அதன் ஒரு பகுதி எழுதப்பட வேண்டும். இதற்கு மும்பை மாநகரின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கு செல்லுமுன் இப்போதுள்ள கணக்கின் தன்மையைச் சிறிது காண்போம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1971 முதல் 1974 வரை நடத்திய ஆய்வு, மக்களுள் நூற்றுக்கு 1.38 பேர் பார்வையற்றவர்கள் என்று கண்டது. 1976-ல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. குவிந்து கிடந்த கண்புரையைக் குறைப்பதே தலையாய கடமையாக இருந்த அக்காலத்தில், ஒரு மாவட்டத்தில் எத்தனை அறுவைகள் நடந்தன என்பதே திறமையின் அளவுகோலாயிற்று. பள்ளிக் கட்டடங்களில் முகாம்கள் நடைபெற்றன. புரை படர்ந்த வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி அணிவித்து அனுப்பினர். பின்னர் 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த திட்டத்தால் முகாம் அறுவை குறைந்து மருத்துவமனை அறுவை மிகுந்தது. கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்தும் முறை பரவிற்று. சிகிச்சை மாறியதே யன்றி அளவுகோல் மாறவில்லை. இன்றும் தொண்டு நிறுவனங்களுக்கு அறுவை ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கிலேயே உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதன்பொருட்டு நோயாளிகளின் விவரங்கள் இணையத்தில் பதியப்படுவதும் உண்மை. ஆகவே பதிவேடே இல்லை என்று கூறுதல் பிழையாகும். உள்ள பதிவேடு பணம் வழங்குவதற்காகத் தோன்றியது. பார்வையை அளப்பதற்காகத் தோன்றியதன்று.

அலுவலக அறிக்கைகளில் 'வெற்றிகரமாக நடைபெற்ற அறுவை' என்னும் தொடர் அடிக்கடி காணப்படும். நோயாளி மேசையிலிருந்து நலமாக எழுந்தார் என்பதற்கு மேல் அத்தொடருக்குப் பொருள் ஒன்றும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதனினும் கடுமையான பொருளைக் கொள்கிறது. அறுவை பெற்றவர் தாம் அன்றாடம் அணியும் கண்ணாடியுடன் பார்க்கும்போது, நூற்றுக்கு 80 கண்களேனும் 6/18 அல்லது அதனினும் சிறந்த பார்வை பெற்றிருக்க வேண்டும். 6/60-க்கும் குறைந்த பார்வையுள்ள கண்கள் நூற்றுக்கு 5-க்கு மேற்படலாகாது. 6/60 என்பது, குறையற்ற கண் 60 மீட்டர் தொலைவில் காணும் எழுத்தை 6 மீட்டர் தொலைவிலேயே காண முடிகின்ற நிலை. 2021-ல் கூடிய உலகச் சுகாதாரப் பேரவை இன்னும் ஒரு படி மேற்சென்றது. கண்புரை அறுவை தேவைப்பட்டோருள் எத்தனை பேர் அறுவை பெற்றனர் என்பதோடு நில்லாமல், அவர்களுள் எத்தனை பேர் நல்ல பார்வையும் பெற்றனர் என்பதைச் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றும், அந்தக் கணக்கு 2030-க்குள் நூற்றுக்கு 30 அளவு உயர வேண்டும் என்றும் நாடுகள் இலக்கு வகுத்தன.

இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில் பார்வையற்றோர் நூற்றுக்கு 0.36 பேர் என்று காணப்பட்டது. 1.38 என்ற பழைய எண்ணுடன் இதனை அப்படியே ஒப்பிட்டு மகிழ்தல் தகாது. பழைய ஆய்வு 6/60-க்குக் குறைந்த பார்வையைப் பார்வையின்மை எனக் கொண்டது. புதிய ஆய்வு 3/60-க்குக் குறைந்ததையே அவ்வாறு கொண்டது. குறைவு உண்மையே, அதன் அளவு தாளில் தோன்றும் அளவன்று. அதே ஆய்வில் மற்றொரு செய்தி உள்ளது. 50 வயதுக்கு மேற்பட்ட பார்வையற்றோருள் நூற்றுக்கு 66 பேர் கண்புரையால் அந்நிலையை அடைந்தவர்கள். நூற்றுக்கு 7 பேருக்கு மேல், கண்புரை அறுவையின்போதோ அதன் பின்னரோ நேர்ந்த சிக்கல்களால் பார்வை இழந்தவர்கள். கண் அழுத்த நோயால் பார்வை இழந்தவர்களைவிட இவர்கள் தொகை அதிகம். பார்வை தருவதற்கென்று செய்யப்படும் சிகிச்சையே பார்வையின்மைக்குரிய காரணங்களின் வரிசையில் முன்னணியில் நிற்கிறது என்பதை எந்தக் களப்பணியாளரும் மறத்தல் கூடாது.

2008-ல் விழுப்புரம் மாவட்டத்து ஏழை மக்கள் 66 பேர், பெரம்பலூரில் கண்புரை அறுவை பெற்றபின் ஒரு கண்ணின் பார்வையை இழந்தனர். 2019 ஜனவரியில் மும்பை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றிலும், 2021 நவம்பரில் பீகார் மாநிலம் முசாபர்பூரிலும் இத்தகைய துயரம் நேர்ந்தது. இவை செய்தித்தாள்களில் வந்தன, விசாரணை நடந்தது. ஒரே நாளில் ஒரே கூடத்தில் பலர் துன்புற்றமையால் இவை வெளிப்பட்டன. அதே அறுபது பேர் ஓராண்டுக் காலத்தில், முப்பது ஊர்களில், ஒருவர் ஒருவராகப் பார்வையிழந்திருந்தால் விசாரணை ஏது? ஒவ்வொரு குடும்பமும் அதைத் தன் தலைவிதி என்று எண்ணி அடங்கியிருக்கும். பதிவேடு காண வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை இழப்பையே.

பதிவேடு என்ன செய்ய வல்லது என்பதற்குச் சுவீடன் நாடு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1992-ல் தேசியக் கண்புரைப் பதிவேடு தொடங்கப்பட்டது. அரசாங்கம் ஆணையிட்டு ஏற்படுத்தியதன்று. கண் மருத்துவர்கள் தாமே முன்வந்து நடத்தியது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் அந்நாட்டின் கண்புரை அறுவைகளுள் மிகச் சிலவே இப்போது அதிலிருந்து விடுபடுகின்றன. அவர்கள் கையாண்ட சிக்கனம் பாராட்டத்தக்கது. எல்லா அறுவைகளுக்கும் சில வரிகளே எழுதப்படும். முடிவை முழுமையாக அளப்பது ஆண்டில் ஒரு மாதத்தில், அதாவது மார்ச்சில் அறுவை பெற்றவர்களுக்கு மட்டுமே. கண்ணை அளப்பதோடு நில்லாமல், நாளிதழ் படிக்க முடிகிறதா, எதிரில் வருபவரின் முகம் தெரிகிறதா, கடையில் விலைச்சீட்டைக் காண முடிகிறதா, மேடுபள்ளமான தரையில் நடக்க இயலுகிறதா என்று நோயாளியையே கேட்டு எழுதும் வினாத்தாளும் அங்கு உருவாயிற்று. மலேசியா 2002-ல் தன் கண்புரைப் பதிவேட்டைத் தொடங்கியது. ஆகவே இது செல்வ நாடுகளுக்கு மட்டுமே உரிய ஆடம்பரம் என்று கூறுவதற்கில்லை.

வெளிநாடு வரை செல்லவும் வேண்டுவதில்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் கிளைகளில் நடக்கும் அறுவைகளை ஒழுங்காகப் பதிந்து வருகிறது. அறுவைக்குப் பின் கண்ணின் உட்புறத்தில் தோன்றும் சீழ்த்தொற்று மிகக் கொடியது. சில நாட்களில் பார்வையைப் பறித்துவிடும். அறுவை முடியும் தருவாயில் மாக்சிஃப்ளாக்சசின் என்னும் மருந்தைக் கண்ணுக்குள் சிறிதளவு செலுத்தினால் இத்தொற்று குறையுமா என்பதை ஏறத்தாழ 6,17,000 அறுவைகளின் பதிவுகளைக் கொண்டு அம்மருத்துவர்கள் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டனர். மருந்து செலுத்தாத கண்களில் 10,000-க்கு 7 என்றிருந்த தொற்று, செலுத்திய கண்களில் 10,000-க்கு 2 ஆகக் குறைந்திருந்தது.

இவ்வெண்களைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆண்டுக்கு 1,000 அறுவை செய்யும் மருத்துவர் ஒருவர், 10,000-க்கு 7 என்ற கணக்கில், மூன்றாண்டுகளில் இரண்டு தொற்றுகளைக் காணலாம், காணாமலும் போகலாம். தம் அனுபவத்தைக் கொண்டு மட்டும் அந்த மருந்து பயன்படுகிறதா இல்லையா என்று அவர் வாழ்நாள் முழுதும் அறிய இயலாது. அனுபவம் மிக்க மருத்துவரின் கண்ணுக்கும் புலப்படாத ஒன்றை இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஏடு காட்டிவிட்டது. ஒரு நிறுவனத்தின் ஏடே இவ்வளவு பயன் தருமாயின், 83 இலட்சம் அறுவைகளின் ஏடு என்ன தரும் என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு நிகழ்தகவுப் பாடத்திலேயே கணக்காகக் கொடுக்கலாம்.

ஆனால் அரவிந்த் போன்ற நிறுவனத்தின் ஏட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நோயாளி திரும்பி வரும்வரை தான் அது எழுதும். அவர் தொலைதூரம் சென்றுவிட்டால் ஏடு மௌனமாகிவிடும். இங்கேதான் மும்பையின் நிலை சிந்திக்கத்தக்கது.

தாராவியில் வாழும் தமிழருள் பலருடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலை நாடி வந்தவர்கள். இன்று தோல் வேலையுடன் தையல், இட்லி வியாபாரம், பழம்பொருள் பிரித்தல் எனப் பல தொழில்களில் உள்ளனர். இவர்களுடைய வீட்டில் முதியவர் ஒருவருக்குப் புரை முற்றினால் குடும்பம் என்ன செய்கிறது? அருகிலேயே சயானில் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. பைக்குல்லாவில் ஜே. ஜே. மருத்துவமனை உள்ளது. பன்வேலில் சங்கரா கண் மருத்துவமனை உள்ளது. எனினும் பலர் நாகர்கோவில் இரயிலேறி ஊருக்குச் சென்று, 1988 முதல் இயங்கிவரும் திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனையிலோ வேறு மருத்துவமனையிலோ அறுவை செய்துகொண்டு, கோயில் கொடையையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். மொழி தெரிந்த இடம், உறவினர் துணை, உணவுக்குக் கவலையில்லை. அவர்கள் முடிவில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் ஆறு வாரம் கழித்துக் கண்ணாடிக்காக வரச் சொன்ன நாளில் அந்தப் பெரியவர் தாராவியில் இருக்கிறார். திருநெல்வேலி ஏட்டில் அவர் வராதவர். மும்பை ஏட்டில் அவர் அறுவை பெறாதவர். இரு ஏடுகளும் தத்தம் அளவில் சரியே. அவருடைய கண் மட்டும் இரண்டிலும் இல்லை.

மாட்டுங்கா, செம்பூர்த் தமிழரின் நிலை வேறு விதமானது. இரயில்வே தொழிற்கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் இரயில்வே மருத்துவமனைக்குச் செல்கிறார். மத்திய அரசாங்க ஊழியராக இருந்தவருக்கு மத்திய அரசுச் சுகாதாரத் திட்டம் உண்டு. அணுசக்தித் துறைக் குடும்பத்தினருக்கு அத்துறையின் மருத்துவமனை உண்டு. ஆலைத் தொழிலாளிக்குத் தொழிலாளர் அரசுக் காப்புறுதி உண்டு. மற்றொருவர் தனியார் காப்புறுதி கொண்டு பக்கத்து மருத்துவ இல்லத்தில் பணம் கட்டி அறுவை செய்துகொள்கிறார். அதே தெருவில் வீட்டுவேலை செய்யும் அம்மையார் மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தை நாடுகிறார். ஒரே தெருவின் ஆறு கண்கள் ஆறு பண அலுவலகங்களின் ஆறு கோப்புகளில் கிடக்கின்றன. ஒவ்வோர் அலுவலகமும் தான் செலுத்திய தொகையை அறியும். அத்தொகை பார்வையாக மாறிற்றா என்பதை எதுவும் அறியாது.

மருத்துவமனைகளை மட்டும் இணைத்தால் இச்சிக்கல் தீருமென்று எண்ணுவோர், 14 இலக்கச் சுகாதார எண்ணைச் சுட்டிக் காட்டுவர். 2021-ல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் எண்ணியல் திட்டத்தின் அந்த எண், சிதறிய கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கயிறாக நிச்சயம் உதவும். எனினும் கயிறு கட்டுவதற்குக் கோப்பில் தாள் இருக்க வேண்டுமல்லவா? ஆறாம் வாரத்துப் பார்வை எங்குமே எழுதப்படவில்லையானால், எந்த எண்ணும் அதைத் தேடித் தர இயலாது.

ஆகவே, பதிவேட்டின் முதல் வரியை அறுவை செய்யும் மருத்துவமனை எழுதட்டும். இரண்டாவது வரி நோயாளி வாழும் வட்டாரத்தில் எழுதப்படட்டும். மும்பை மாநகராட்சியில் தாராவி ஜி-வடக்கு வட்டத்திலும், மாட்டுங்கா எஃப்-வடக்கு வட்டத்திலும், செம்பூர் எம்-மேற்கு வட்டத்திலும் அடங்குவன. வட்டந்தோறும் சுகாதார அலுவலகமும், மருந்தகங்களும், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பெண் பணியாளர்களும் உள்ளனர். அறுவை திருநெல்வேலியில் நடந்திருப்பினும், பன்வேலில் நடந்திருப்பினும், வட்டத்தில் வாழும் கண்ணை வட்டமே அளக்கும். அந்த வரி முதல் வரியைத் தேடிச் சென்று சேர்வதற்கே அந்த 14 இலக்க எண் வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று மும்பை மட்டும் கூறலாகாது. இந்தியாவின் முதலாவது மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு 1963-ல் தொடங்கப்பட்டது அன்றைய பம்பாயிலேதான். இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பொறுப்பில், டாக்டர் டி. ஜே. ஜுசாவாலாவின் முயற்சியால் அது உருவாயிற்று. மருத்துவமனைகள் தாமாகத் தகவல் அனுப்பும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஊழியர்களே ஒவ்வொரு மருத்துவமனையாகச் சென்று ஏடுகளைப் புரட்டி எழுதிக்கொண்டனர். நோயாளி எங்கு சிகிச்சை பெற்றார் என்பதைவிட அவர் எந்நகரவாசி என்பதே அவ்வேட்டுக்கு முக்கியமாயிற்று. கணிப்பொறி அரிதாக இருந்த காலத்தில் காகித அட்டைகளைக் கொண்டு செய்யப்பட்ட பணி இது. தாராவியின் சந்துகளிலும் இத்தகைய உழைப்பு புதிதன்று. வடாலாவில் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் எஸ். நடராஜனின் குழுவினர், 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையை ஆராய்ந்து, அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்ததைக் கண்டனர். இச்செய்தி பதிவேட்டுக்கும் வேண்டியது. நீரிழிவால் விழித்திரை கெட்டிருக்கும் கண்ணில் எத்துணை நேர்த்தியாகப் புரையை எடுத்தாலும் பார்வை முழுதும் மீளாது. அதை முதல் வரியிலேயே குறித்து வைத்தல் நோயாளிக்கும் நியாயம், மருத்துவருக்கும் நியாயம்.

இரண்டாவது வரியை எழுதுவதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. நான்கு திசைகளில் திரும்பிய ஒரே எழுத்து வடிவம் கொண்ட அட்டை, 6 மீட்டர் கயிறு, ஒரு கண்ணை மறைக்கும் பலகை, மில்லி மீட்டர் அளவு துளையிட்ட கறுப்பு அட்டை ஆகிய இவையே கருவிகள். எழுத்தறியாதவரும் எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நோக்குகின்றன என்று கையால் காட்டுவார். தாராவி வீட்டுக்குள் 6 மீட்டர் நீளம் கிடைப்பது இயலாத செயல். பள்ளியின் தாழ்வாரம் கிடைக்கும், இல்லையேல் 3 மீட்டருக்கென அச்சிட்ட அட்டை கிடைக்கும். வெளிச்சம் போதுமானதாக இருத்தல் வேண்டும். அறுவை பெற்ற கண்ணை, அவர் வழக்கமாக அணியும் கண்ணாடியுடன் முதலில் அளக்க வேண்டும். குறைவாகத் தெரிந்தால் துளையட்டையின் வழியே மீண்டும் பார்க்கச் செய்ய வேண்டும்.

இந்தத் துளையட்டை மிக எளிய கருவி. அதன் பயனோ பெரிது. நுண்ணிய துளை, ஒளிக்கதிர்கள் சிதறாமல் நடுவழியே செல்லச் செய்கிறது. ஆகவே துளையின் வழியே பார்வை தெளிவடைந்தால் கண்ணாடியின் குறைவே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். தெளிவடையாவிட்டால் கண்ணின் உள்ளே வேறு கோளாறு உண்டு. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வில்லையின் பின்னுள்ள மெல்லிய உறை, மாதங்கள் சென்றபின் மங்கிப் போயிருக்கலாம். அதைச் சில நிமிடங்களில் லேசர் ஒளியால் திறந்துவிடலாம். பலர் இதைப் புரை மீண்டும் வளர்ந்துவிட்டதென்று எண்ணி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என மூலையில் அமர்ந்துவிடுகின்றனர். ஒரு ரூபாய் அட்டை அவர்களை எழுப்பி அனுப்பும். 2002-ல் வெளியான திருநெல்வேலி மாவட்டக் கண் ஆய்வும், சிவகங்கைக் கண் ஆய்வும் கிராமங்களுக்கே சென்று அறுவை பெற்ற முதியோரைத் தேடி அளந்தவை. செயற்கை வில்லை பொருத்தப்பட்ட கண்களே நன்கு பார்த்தன என்பதும், தக்க கண்ணாடி இருந்தால் இன்னும் பல கண்கள் தெளிவு பெறும் என்பதும் அவற்றால் தெரிந்தன. அந்த ஆய்வாளர்கள் ஒருமுறை செய்ததை ஆண்டுதோறும் செய்வதே பதிவேடு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைத்தல் முறையன்று. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றைச் சேர்ந்த 40 மருத்துவமனைகளில் நடத்தப்பெற்று 2013-ல் வெளியான ஆய்வு, அறுவைக்குப் பின் முதற் சில நாட்களில் அளக்கப்படும் பார்வையே மருத்துவமனைகளின் தரத்தை ஒப்பிடப் போதுமானது என்று காட்டியது. அப்படியாயின் நோயாளியைத் தெருத் தெருவாகத் தேடுவானேன் என்று கேட்கலாம். மருத்துவமனையின் தரத்தை அறிவது மட்டுமே நோக்கமானால் இம்மறுப்பு சரியே. வசதி குறைந்த மாவட்டங்களில் அந்த எளிய முறையையே கைக்கொள்ளலாம். ஆனால் மூன்றாம் நாள் அளவு, கண்ணாடி கிடைக்காத தையற்காரரைக் காட்டாது. உறை மங்கிய மூதாட்டியைக் காட்டாது. ஊர் திரும்பியபின் கண் சிவந்து வலித்து, சொட்டு மருந்து வாங்கப் பணமின்றி இருந்தவரையும் காட்டாது. அவர்கள்தாம் வரவில்லை என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கப்படுபவர்கள்.

மருத்துவர்களின் அச்சத்தையும் கருத வேண்டும். முடிவுகள் எழுதப்படுமானால், கடினமான கண்களை ஏற்க எவரும் முன்வரமாட்டார். பாறைபோல் இறுகிய புரை, சுருங்கிய பாவை, நீரிழிவு, எண்பது வயது என்றிருக்கும் ஏழையைத் திருப்பியனுப்பிவிட்டு, எளிய கண்களைத் தேர்ந்தெடுப்பவரே சிறந்தவராகத் தோன்றுவார். இங்கிலாந்தின் தேசியக் கணக்கெடுப்பில், கண்ணின் கடினத்தைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்த பின்னரே மருத்துவமனைகளின் முடிவுகள் வெளியிடப்படுகின்றன. இங்கும் அவ்வாறே வேண்டும். தொடக்கத்தில் சில ஆண்டுகளேனும், ஒரு மருத்துவமனையின் எண் அம்மருத்துவமனைக்கு மட்டுமே தெரிவிக்கப்படுதல் நலம். உதவித்தொகையை முடிவோடு பிணைக்கும் யோசனையும் சிலரால் கூறப்படுகிறது. அது அவசரமான யோசனை. பணத்தோடு பிணைத்த நாளே ஏட்டில் பொய் புகும். இரண்டாவது வரியை எழுதியதற்காகச் சிறு தொகை வழங்கலாம், அதில் எழுதப்பட்ட பார்வை நல்லதாயினும் அல்லதாயினும். நோயாளியின் பெயரும் முகவரியும் வட்ட அலுவலகத்தோடு நிற்க வேண்டும் என்பதற்கு 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனியுரிமைச் சட்டமும் துணை நிற்கும். மறுகட்டமைப்பால் குடும்பங்கள் இடம் மாறக்கூடிய தாராவியில் முகவரியை மட்டும் நம்புதல் பேதைமை. ஒரே கைப்பேசியை நால்வர் பயன்படுத்தும் வீட்டில் அந்த எண்ணை மட்டும் நம்புதலும் அத்தகையதே. உறவினர் ஒருவருடைய எண்ணையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மாணவர்களின் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பெற்றுத் தரும் பணியில் அவர்கள் ஏற்கெனவே பயிற்சி பெற்று வருகின்றனர். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் கண்புரையையும் தேடிக் கண்டறியும் நோய்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. குழந்தைக்கு அறுவை முடிந்தபோது வேலை பாதியே முடிந்தது. வளரும் கண் பார்க்கப் பழக வேண்டும்; கண்ணாடி அளவு அடிக்கடி மாறும்; நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து மங்கிய கண்ணை உழைக்கச் செய்ய வேண்டியிருக்கும். மருத்துவர் அக்குழந்தையை ஆண்டில் சில முறை காண்பார். ஆசிரியர் நாள்தோறும் காண்கிறார். ஆகவே குழந்தைகளைப் பொறுத்தவரை இரண்டாவது வரி ஒருமுறை எழுதி முடிப்பதன்று. பருவந்தோறும் எழுதப்பட வேண்டியது. முதியோர்க்கும், பேரக்குழந்தை படிக்கும் பள்ளியே எளிதில் வரக்கூடிய இடம். தாராவியின் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், திருநெல்வேலியில் தமிழில் எழுதிக் கொடுத்த விடுகைச் சீட்டைப் படித்துவிடுவார்; சயான் மருத்துவமனையின் மருத்துவருக்கு அது இயலாமற் போகலாம். எந்தக் கண், எந்த நாள், எவ்வகை வில்லை, அதன் திறன் எவ்வளவு, சிக்கல் ஏதேனும் நேர்ந்ததா என்னும் ஐந்து செய்திகளையும் நாடெங்கும் ஒரே இடத்தில், ஒரே எண் குறியில் அச்சிட்டுத் தருவதென்று அமைச்சகம் ஆணையிட்டால் இத்தடை நீங்கும்.

சுவீடனைப்போல் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குவது சிக்கனமானது. மார்ச்சு மட்டும் மும்பைக்குப் பொருந்தாது. அப்போது அறுவை பெற்றவர்களின் ஆறாவது வாரம் ஏப்ரல் கடைசியில் வரும்; பள்ளிகளில் தேர்வு முடியும் காலம் அது, குடும்பங்கள் ஊருக்குப் புறப்படும் காலமும் அதுவே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையால் தாராவிச் சந்துகளில் முதியோரை அழைத்து வருதல் கடினம். நவம்பரில் அறுவை பெற்றவர்களை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் அளப்பது ஏற்றதாகும். மழை இராது, பள்ளி நடக்கும், தீபாவளிக்கு ஊர் சென்று அங்கேயே அறுவை செய்துகொண்டவர்களும் அதற்குள் திரும்பியிருப்பர். ஜி-வடக்கு, எஃப்-வடக்கு, எம்-மேற்கு ஆகிய மூன்று வட்டங்களில் ஒரு நவம்பரை இவ்வாறு எழுதிப் பார்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. அட்டைகளும் கயிறுகளும், பதிவுத் தாள்களும், பணியாளர்க்கு இரண்டு நாள் பயிற்சியும், எண்களைச் சேர்த்து வைக்க வட்டத்துக்கு ஓர் எழுத்தரும் போதும்.